கவரால் போடத் தெரியும்... கழற்றத் தெரியுமா? வெள்ளை உடைக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்தும் தப்பிக்கும் வழியும்

கையுறை போட்ட கையில் கொஞ்சம் லோஷன் தடவுகிறார்கள். சாதாரண வெளிச்சத்தில் அது கண்ணில் படாது. புற ஊதா விளக்கைக் காட்டினால் மட்டும் பளிச்சென்று ஒளிரும். இப்போது கையுறையையும் மேலங்கியையும் எப்போதும் கழற்றுவது போலவே கழற்றச் சொல்கிறார்கள். கழற்றியதும் விளக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள். கழுத்தில், மணிக்கட்டில், உள்ளே போட்டிருந்த சட்டையில் எங்காவது ஒளிர்கிறதா?

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் நான்கு மருத்துவமனைகளின் ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு இது. முடிவுகள் 2015-ல் வெளியாயின. மொத்தம் 435 முறை கழற்றிப் பார்த்தார்கள். அதில் 200 முறை, அதாவது 46 சதவீதம், லோஷன் ஊழியரின் தோலிலோ உடையிலோ ஒட்டியிருந்தது. இத்தனைக்கும் இவர்கள் வேலையில் இதை வழக்கமாகப் போட்டுக் கழற்றுபவர்கள்.

அது வெறும் மேலங்கி. தலை முதல் கணுக்கால் வரை ஒரே துண்டாக மூடும் கவராலைக் கழற்றுவது அதைவிடச் சிக்கலானது.

2020-ல் மருத்துவமனை வாசலில் பார்த்துப் பழகிய இந்த வெள்ளை உடை இன்று பல வேலையிடங்களில் சாதாரணம். ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் இடம், மருந்துத் தொழிற்சாலை, பழைய கூரை பிரிக்கும் சைட், ஆய்வகம், பூச்சி மருந்து அடிக்கும் வேலை எனப் பல இடங்களில் இதைத் தருகிறார்கள். கையில் கொடுத்து "போட்டுக்கோங்க" என்று சொல்பவர்கள் அதிகம். எப்படிக் கழற்றுவது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வெள்ளையா இருந்தா எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் துணி வேறு வேறு. பெரும்பாலும் மூன்று ரகங்கள் கிடைக்கும்.

முதல் ரகம் பாலிப்ரொப்பிலீன் இழைகளை மூன்று அடுக்காக ஒட்டியது. கடைகளில் 'எஸ்எம்எஸ்' என்பார்கள். நடு அடுக்குதான் தூசியை வடிகட்டும். சர்ஜிக்கல் மாஸ்க்கின் நடுவில் இருப்பதும் இதே வகைதான். காற்று ஓரளவு உள்ளே போகும் என்பதால் போட்டுக்கொள்ள வசதி. இரண்டாவது, துணியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. திரவத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் புழுங்கும். மூன்றாவது, பாலிஎத்திலீன் நுண்ணிழைகளை அழுத்திச் செய்தது. டைவெக் என்ற பெயரில் பிரபலமானது இதுதான்.

எந்த உடை எதைத் தடுக்கும் என்பதை ஐரோப்பியத் தரப்படி 'டைப்' எண்ணாக லேபிளில் அச்சடித்திருப்பார்கள். வேலையிடங்களில் அடிக்கடி பார்ப்பவை இவை:

- டைப் 3: பீய்ச்சி அடிக்கும் திரவம்
- டைப் 4: உடை நனையும் அளவுக்கு வரும் ஸ்ப்ரே
- டைப் 5: காற்றில் மிதக்கும் தூசி, இழைகள்
- டைப் 6: லேசான தெறிப்பு மட்டும்

கடைகளில் அதிகம் கிடைப்பது 'டைப் 5/6'. தூசிக்கும் லேசான தெறிப்புக்கும் அது போதும். ஆசிட் பைப்லைனைப் பிரிக்கும் வேலைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனால், பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு பாதுகாப்பே இல்லாமல் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

தூசி வேலையிலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். டைப் 5 சோதனையில் ஆட்கள் உடையைப் போட்டுக்கொண்டு நடந்தும் குனிந்து உட்கார்ந்தும் காட்டுவார்கள். 10 உடைகளில் 8-ல் சராசரிக் கசிவு 15 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் பாஸ். அதாவது, கொஞ்சம் உள்ளே வரும் என்பதைத் தரமே ஒப்புக்கொள்கிறது. மணிக்கட்டு, கணுக்கால், ஜிப், முகத்தைச் சுற்றிய ஓரம் ஆகியவைதான் அந்த வழிகள்.

எண் பெருசா இருந்தா நல்லதா, சிறுசா இருந்தா நல்லதா?

நிறைய பேர் குழம்பும் இடம் இது. டைப் எண் குறையக் குறைய பாதுகாப்பு அதிகம். ஆனால் அதே லேபிளில் 'கிளாஸ்' என்று இருந்தால், அந்த எண் கூடக் கூட பாதுகாப்பு அதிகம். "டைப் 6-தான் டாப்" என்று நினைத்து வாங்கினால் தலைகீழாகிவிடும்.

கிளாஸ் என்றால் என்ன என்பதைக் கோவை நமக்கு 2020-ல் நன்றாகவே காட்டியது. கொரோனா தொடங்கியபோது மருத்துவக் கவரால் உற்பத்தி இந்தியாவில் ஏறத்தாழ பூஜ்யம். மே மாத நடுவில் அது ஒரு நாளைக்கு 4.5 லட்சத்தைத் தாண்டியது. உள்ளாடையும் டி-ஷர்ட்டும் தைத்துக்கொண்டிருந்த கம்பெனிகளும் கவரால் தைக்க இறங்கின. அவர்கள் அனுப்பிய மாதிரிகளைச் சோதிக்கும் முக்கியமான இடமாக இருந்தது கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், சுருக்கமாக சிட்ரா.

சோதனை எளிமையானதுதான். ரத்தம் போன்ற செயற்கைச் சிவப்புத் திரவத்தைத் துணியின் ஒரு பக்கம் வைத்து அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவார்கள். மறுபக்கம் சிவப்பு தெரிந்தால் அந்தப் படியில் ஃபெயில். 3.5 கிலோபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கினால் கிளாஸ் 3. கொரோனா பணிக்கு அதுதான் குறைந்தபட்சத் தகுதி. உச்சம் கிளாஸ் 6. அதற்கு 20 கிலோபாஸ்கல் தாங்க வேண்டும்.

அப்போது கற்ற பாடம் இன்றும் பொருந்தும்: துணி பாஸானால் போதாது, தையலும் பாஸாக வேண்டும். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டைதான். அதனால்தான் திரவ வேலைக்கான கவராலில் தையலின் மேல் டேப் ஒட்டியிருக்கும். உள்ளே திருப்பிப் பாருங்கள், டேப் இல்லையென்றால் அது பெரும்பாலும் தூசிக்கானது.

தின்னர், ஆசிட் வேலைக்கு எது?

ஓட்டை வழியாகக் கசிவது ஒரு வகை. சில ரசாயனங்கள் ஓட்டையே இல்லாத படலத்தையும் மூலக்கூறு மூலக்கூறாக ஊடுருவிவிடும். வெளியே ஈரம்கூடத் தெரியாது. இதற்குத்தான் 'ஊடுருவும் நேரம்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. கிளாஸ் 1 என்றால் 10 நிமிடத்துக்கு மேல், கிளாஸ் 6 என்றால் 480 நிமிடத்துக்கு மேல். ஒரே கவரால் ஒரு ஆசிட்டுக்கு கிளாஸ் 6 ஆகவும், ஒரு சால்வென்ட்டுக்கு எந்த கிளாஸும் இல்லாமலும் இருக்கலாம். எனவே "கெமிக்கல் சூட்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். "நான் பயன்படுத்தும் இந்த ரசாயனத்துக்கு எத்தனை நிமிடம்?" என்று கேளுங்கள். தயாரிப்பாளரின் தகவல் தாளில் பதில் இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, சாதாரண கவரால் நெருப்பைத் தாங்காது. பாலிஎத்திலீன் சுமார் 135 டிகிரியிலும் பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரியிலும் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வெல்டிங், கிரைண்டிங் தீப்பொறி பறக்கும் இடத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு போகவே கூடாது. இரண்டு, தின்னர் ஆவி நிறைந்த இடத்தில் நிலை மின்சாரத்தின் ஒரு சின்னப் பொறியும் ஆபத்து. 'ஆன்ட்டி-ஸ்டாட்டிக்' என்று போட்டிருந்தாலும், போட்டிருப்பவரின் உடல் தரையோடு மின்தொடர்பில் இருந்தால்தான் அது வேலை செய்யும். அந்த இடத்துக்குள் நின்றுகொண்டு கவராலின் ஜிப்பைத் திறக்கவும் கூடாது, கழற்றவும் கூடாது.

போடும் முன் ஐந்து நிமிடம்

1. பையில் இருப்பதை எடுத்து வையுங்கள். போன், சாவி, பேனா, மோதிரம், வாட்ச் எல்லாம் வெளியே. உள்ளே போன் அடித்தால் கை தானாக ஜிப்புக்குப் போகும்.
2. தண்ணீர் குடித்து, பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். பாதியில் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் ஆபத்து இரட்டிப்பு.
3. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொத்தல், பிரிந்த தையல், மாட்டிக்கொள்ளும் ஜிப் இருந்தால் வேறு எடுங்கள்.
4. சைஸ் சோதனை செய்யுங்கள். போட்டதும் கையை மேலே தூக்குங்கள், குனியுங்கள், குத்துக்கால் போட்டு உட்காருங்கள். தொடை நடுவில் இழுத்தால் அது கிழியப்போகிறது. தொளதொள என்று இருந்தால் மெஷினில் மாட்டப்போகிறது.
5. முதலில் மாஸ்க், அதன் மேல் தலைமூடி. மாஸ்க்கின் பட்டை உள்ளே இருக்க வேண்டும். மாஸ்க்கின் ஓரம் முகத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாடி இருந்தால் ஒட்டாது.
6. உள் கையுறை சட்டைக் கைக்கு உள்ளே, வெளிக் கையுறை கைக்கு மேலே. கால் பகுதி பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழியும் திரவம் நேராகப் பூட்ஸுக்குள் போகும்.
7. டேப் ஒட்டினால் நுனியைக் கொஞ்சம் மடித்து விடுங்கள். கழற்றும்போது கையுறை போட்ட விரலால் பிரிக்க அந்த மடிப்புதான் உதவும். ஜிப்பை மூடும் பட்டையையும் ஒட்ட மறக்காதீர்கள்.

உள்ளே அடிக்கும் வெயில்

சென்னை மே மாதத்தில் கவராலுக்குள் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வியர்வை வரும், ஆனால் ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

தொழில் சுகாதாரத்துக்கான அமெரிக்காவின் ஏசிஜிஐஎச் அமைப்பு இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் 'டபிள்யூபிஜிடி' எண்ணோடு, போட்டிருக்கும் உடைக்காக எத்தனை டிகிரி கூட்ட வேண்டும் என்பதுதான் அது. எஸ்எம்எஸ் கவராலுக்கு 0.5 டிகிரி. டைவெக் போன்ற பாலிஎத்திலீன் துணிக்கு 1 டிகிரி. ஆவி வெளியே போகவே விடாத கவராலுக்கு 11 டிகிரி!

இதனால்தான் "எதுக்கும் இருக்கட்டும்" என்று தேவைக்கு மேல் கனமான உடையைக் கொடுப்பதும் தவறு. சாதாரண தூசிக்கு ரசாயன சூட் போட்டவர், தூசியால் அல்ல, வெப்பத்தால் மயங்கி விழலாம்.

வெப்பத்தில் வேலை செய்பவர்கள் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. கவராலுக்குள் அது முடியாது. எனவே வேலைநேரத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, ஆள் மாற்றித்தான் செய்ய வேண்டும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் "இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று தள்ளாதீர்கள். கூட இருப்பவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ தள்ளாடினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் ஆக இருக்கலாம். உடனே வெளியே கொண்டுவந்து, கத்தரியால் உடையை வெட்டி எடுத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

கழற்றுவதுதான் கலை

அடிப்படை விதி ஒன்றே ஒன்று: வெளிப்பக்கம் அழுக்கு, உள்பக்கம் சுத்தம். அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிக்கொண்டே வர வேண்டும்.

1. முதலில் உடையின் மேல் இருப்பதை நீக்குங்கள். தூசி என்றால் ஈரத்துணியால் துடைக்கலாம், அல்லது அதற்கான வேக்குவம் கிளீனர். ரசாயனம் என்றால் கழுவ வேண்டும். கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசி தட்டவே கூடாது. பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு இது. படிந்திருந்த தூசியை நீங்களே மூக்குக்கு அனுப்புகிறீர்கள்.
2. அழுக்குப் பகுதியும் சுத்தப் பகுதியும் சந்திக்கும் எல்லையில் நில்லுங்கள். தரையில் ஒரு கோடு போட்டு வைத்தாலே போதும்.
3. டேப்பைப் பிரியுங்கள். தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, கழுத்தைத் தொடாமல் ஜிப்பைக் கீழே இறக்குங்கள்.
4. தலைமூடியை வெளிப்புறமாகப் பிடித்து, முகத்திலிருந்து விலக்கிப் பின்னால் சுருட்டுங்கள்.
5. தோளிலிருந்து இறக்கி, கைகளை முதுகுப் பக்கம் கொண்டுபோய் உருவுங்கள். வெளிக் கையுறையும் கைப்பகுதியோடு சேர்ந்தே வந்துவிட வேண்டும்.
6. இனி உள்பக்கத்தை மட்டும் தொட்டு, பாயைச் சுருட்டுவது போல முட்டி வரை, கணுக்கால் வரை சுருட்டுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக எடுத்துச் சுத்தமான பக்கம் வையுங்கள்.
7. மாஸ்க் கடைசியில்தான். பின்பக்கப் பட்டையைப் பிடித்து எடுங்கள். முன்பக்கம் கை படக் கூடாது.
8. உள் கையுறை, பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவல். ரசாயனம், நச்சுத்தூசி என்றால் குளியல்.

தனியாகக் கழற்றாதீர்கள். ஒருவர் எதிரில் நின்று "மெதுவா... கழுத்துல கை படுது" என்று சொன்னாலே பாதித் தவறு குறையும். 2014-ல் அமெரிக்காவின் டல்லாஸில் எபோலா நோயாளியைக் கவனித்த இரண்டு செவிலியர்களுக்குத் தொற்று வந்தது. அதன் பிறகு அந்நாட்டின் நோய்த்தடுப்பு மையம் தன் விதிகளைத் திருத்தியபோது சேர்த்தது இதைத்தான்: பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று, போடுவதையும் கழற்றுவதையும் படிப்படியாகக் கவனிக்க வேண்டும்.

துவைச்சு மறுபடி போடலாமா?

கூடாது. லேபிளில் தண்ணீர்த் தொட்டி, இஸ்திரிப் பெட்டி, முக்கோணம் எல்லாவற்றின் மேலும் குறுக்குக்கோடு போட்டிருப்பார்கள். துவைக்காதே, தேய்க்காதே, ப்ளீச் போடாதே என்று அர்த்தம். துவைத்தால் வடிகட்டும் அடுக்கு கெடும், திரவத்தைத் தடுக்கும் தன்மையும் நிலை மின்சாரத்தைத் தடுக்கும் பூச்சும் போகும். பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும் என்பதுதான் இதில் மோசம்.

அப்படியென்றால் ஒரு முறை போட்டதும் தூக்கிப் போட வேண்டுமா? உடை அழுக்காகவில்லை, எதுவும் படவில்லை, கிழியவில்லை என்றால் சில வகைகளை மறுபடி போடத் தயாரிப்பாளரே அனுமதிப்பார். உதாரணமாக, பொருளின் மேல் நம் முடியோ தூசியோ விழாமல் இருக்கப் போடும் வேலைகள். ஆனால் நச்சு, கிருமி, ரசாயனம் பட்டது என்றால் கணக்கு அன்றே முடிந்தது.

வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. 1965-ல் லண்டனில் வெளியான ஆய்வு ஒன்று ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதெலியோமா புற்றுநோயாளிகளைப் பற்றியது. அவர்களில் சிலர் ஆஸ்பெஸ்டாஸ் ஆலைக்குள் கால் வைத்ததே இல்லை. அவர்கள் செய்தது, ஆலையில் வேலை பார்த்த கணவரின் உடையைத் துவைத்தது மட்டுமே. நம் ஊரில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிப்பவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பயன்படுத்தாத கவராலை அதன் பையிலேயே, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் இழை நொறுங்கும். லேபிளில் உள்ள காலாவதித் தேதியையும் பாருங்கள்.

தூக்கிப் போடுவது எங்கே?

சாதாரணக் குப்பையில் அல்ல. மருத்துவமனைக் கவரால் மருத்துவக் கழிவு. அதன் துணியைப் பொறுத்து சிவப்புப் பையா, மஞ்சள் பையா என்பது மாறும். ரசாயனம் பட்டது அபாயகரக் கழிவு, அதற்கான அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். பின்பக்கத்தில் கொளுத்துவது தீர்வல்ல. கிழிக்காமல் அப்படியே போட்டால் யாராவது எடுத்து மறுபடி போடவோ விற்கவோ வாய்ப்புண்டு. தூசியோ கிருமியோ கிளம்பாது என்ற வேலைகளில், மூட்டை கட்டும் முன் வெட்டிவிடுவது நல்லது.

செலவு யாருடையது?

நிர்வாகத்துடையது. தரவேண்டிய பாதுகாப்பு உபகரணத்துக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது என்பது 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த விதி. 2020-ன் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. சம்பளத்தில் பிடித்தாலோ, "போன வாரம் கொடுத்ததையே போடு" என்றாலோ கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் சைட் இன்ஜினீயராகவோ சூப்பர்வைசராகவோ இருந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நாளைக்கே செய்து பார்க்கலாம்

ஓஹியோ ஆய்வு மோசமான செய்தியோடு முடியவில்லை. அதே குழு ஊழியர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து மறுபடி சோதித்தது. பயிற்சிக்கு முன் 60 சதவீதமாக இருந்த ஒட்டல், பயிற்சிக்குப் பின் 19 சதவீதத்துக்குக் குறைந்தது. உடையை மாற்றவில்லை, கழற்றும் விதம்தான் மாறியது.

இதைச் செய்து பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு புதுக் கவரால், கையுறை, கொஞ்சம் மஞ்சள்தூள் போதும். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துக் கையுறையிலும் கவராலின் நெஞ்சுப் பகுதியிலும் தடவுங்கள். உள்ளே பழைய வெள்ளை பனியன் போட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் கழற்றுவது போலக் கழற்றுங்கள். கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு இருந்தால் இன்னும் நல்லது, அந்த வெளிச்சத்தில் மஞ்சள் ஒளிரும்.

பிறகு கண்ணாடி முன் நின்று கழுத்தையும் மணிக்கட்டையும் பனியனையும் பாருங்கள். மஞ்சள் பட்ட இடமெல்லாம், வேலையில் உங்கள் மேல் விஷம் படும் இடம்.